ஏழு பேருக்கு ஏழு வரிசையா?

கேள்வி: பண்டாரவளை வாசகர், 2025 மார்ச் 4

சித்திரை லீவுக்கு நாங்கள் ஒன்பது பேர் கட்டுநாயக்கவில் இருந்து சென்னைக்குப் போகிறோம். மலிவு விமானம். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனியாகக் காசு கட்டவேண்டுமாம். கட்டாவிட்டால் எங்கே விழுகிறதோ அங்கேதான் என்கிறார்கள். ஒன்றேகால் மணித்தியாலப் பயணம். அந்த நேரத்துக்குப் பிரிந்து உட்கார்ந்தால் என்ன குடியா முழுகிவிடப் போகிறது? மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒன்றும் என் மாமியாரும் கூட வருகிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஒன்பது பேருக்கும் கட்டாவிட்டாலும், பிள்ளைக்கும் அதன் பக்கத்தில் ஒருவருக்கும், மாமியாருக்கும் அவர் பக்கத்தில் ஒருவருக்கும் கட்டிவிடுங்கள். கட்டாமல் போய் நான் பட்டதைச் சொல்கிறேன்.

போன டிசம்பர் லீவில் நாங்கள் ஏழு பேர், கைக்குழந்தையோடு எட்டு. நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள், அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பத்து மாதக் குழந்தை. அம்மாவுக்கு 71. டிக்கோயாவில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். அதைத் தாண்டி அவர் போன தூரம் என்றால் கதிர்காமம், முன்னேஸ்வரம், கொழும்பு பெரியாஸ்பத்திரி. கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். பெரியம்மா 1973இல், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, கடைசியில் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் போய் மறுபடியும் கொழுந்து பறித்தார். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து ஐம்பது வருடத்துக்கு மேல்.

இரவு பத்து மணிக்கு வேனில் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, விடியற்காலை கட்டுநாயக்க. கவுண்டரில் போர்டிங் பாஸ் கையில் வந்ததும் பார்க்கிறேன். எனக்கு 11, மனைவிக்கு 19, மகனுக்கு 22, தம்பிக்கு 28, தம்பி மனைவியும் குழந்தையும் 5, மகள் 17, அம்மா 26. ஏழு பேருக்கு ஏழு வரிசை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். விமானம் நிரம்பிவிட்டது, உள்ளே போய்ப் பணிப்பெண்ணிடம் கேளுங்கள் என்றார். உள்ளே போய்க் கேட்டேன். என் பக்கத்தில் ஓர இருக்கையில் இருந்தவர், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவராம், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மகளுடைய நடு இருக்கைக்குப் போனார். மகள் என் பக்கத்தில் வந்துவிட்டாள். தம்பி மனைவியும் குழந்தையும் 5ஆம் வரிசையிலேயே இருந்தார்கள். எனக்கு அதோடு நிம்மதி.

அம்மாவுக்காக நான் யாரையும் கேட்கவில்லை. பெரியவர்தானே என்று விட்டுவிட்டேன். சென்னையில் இறங்கி பஸ்ஸில் வரும்போதுதான் தம்பி மனைவியிடம் அம்மா மெதுவாகக் கேட்டாராம்: "அங்க தண்ணி குடுத்தா காசா புள்ள?" விக்கலோடு, காதும் அடைத்து, தண்ணீருக்குக் காசு கேட்பார்கள் என்று பயந்து கேட்காமலேயே வந்திருக்கிறார். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் தூக்கம், மறுபக்கம் ஒருவர் காதில் ஒயர். கழிவறைக்கும் எழும்பவில்லை. பெரியம்மாவுக்குக் கொண்டுபோன தேயிலைப் பையை மடியிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஒன்றேகால் மணித்தியாலம்தானே என்று நீங்கள் கேட்டது எனக்கு இங்கேதான் உறைக்கிறது.

மார்ச் 5

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டுத் திருத்தினார். மகன் 22 இல்லை, 21. எல்லாருக்கும் நடு இருக்கை என்று நான் வீட்டில் சொல்லித் திரிவதும் சரியில்லையாம். தம்பி மனைவிக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. வரிசைக்கு ஒருவர் என்பது மட்டும் மாறவில்லை.

மார்ச் 6

"வேண்டுமென்றே பிரிக்கிறார்களா, இல்லை கணினி தற்செயலாகப் போடுகிறதா?" என்று மஸ்கெலியாவில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார். நான் படித்துத் தெரிந்துகொண்ட வரை சொல்கிறேன்.

இந்தப் பக்கம் பறக்கும் மலிவு விமானங்களில் பெரும்பாலானவை எயார்பஸ் ஏ320 வகை. ஒரு வரிசையில் மூன்றும் மூன்றும் ஆறு இருக்கை, முப்பது வரிசை, 180 சொச்சம் பேர். காசு கட்டுகிறவர்கள் ஜன்னலையும் ஓரத்தையும் முதலில் எடுத்துவிடுவார்கள். மிச்சம் கிடப்பவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடு இருக்கைகள். பிந்தி வருகிறவனுக்கு அவைதான் விழும். இதுவரை யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நடப்பது இவ்வளவு மட்டும் இல்லை. 2017இல் பிபிசியின் ஒரு நிகழ்ச்சி, ரயன்எயார் விமானங்களில் நாலு நாலு பேராக நாலு முறை ஆட்களை அனுப்பிப் பார்த்தது. அத்தனை பேருக்கும் நடு இருக்கை. அது தற்செயலாக நடக்க 54 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று ஒக்ஸ்ஃபோர்ட் புள்ளியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். நிறுவனத்தின் பதில், காசு கட்டி வரக்கூடியவர்களுக்காக ஜன்னலையும் ஓரத்தையும் ஒதுக்கிவைக்கிறோம் என்பது. அதாவது இருக்கை காலியாகத்தான் இருக்கும், நமக்குக் கிடைக்காது.

அடுத்த வருடம் பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து ஒரு கணக்கு வெளியிட்டது. கூட்டமாகப் போய், இருக்கைக்குக் காசு கட்டாதவர்களில் 18 சதவீதம் பேர் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ரயன்எயாரில் மட்டும் 35 சதவீதம். ஒரே வேலையை ஒரு நிறுவனம் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் செய்கிறது என்றால், கணினியை அப்படிச் செய்யச் சொன்னது ஆட்கள்தானே.

விமானத்தின் எடை சமநிலைக்காகத்தான் பிரிக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எடைக் கணக்கு உண்மை. விமானம் பாதி காலியாகப் போனால் முன்னும் பின்னும் பார்த்துத்தான் ஆட்களை உட்காரவைப்பார்கள். ஆனால் நிரம்பிய விமானத்தில் 17இல் இருக்கும் பிள்ளையும் 11இல் இருக்கும் பெரியவரும் இடம் மாறினால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. பறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு பணிப்பெண்ணே நின்று மாற்றிக்கொடுத்தாரே.

மார்ச் 8

முக்கியமான திருத்தம். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முதல் குறிப்பைப் படியுங்கள்.

நேற்றுப் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஏழு பேருக்கும் ஒரே முன்பதிவு இல்லை. இரண்டு. ஆறு எழுத்து எண் ஒன்று எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் தம்பிக்கும். இன்னொன்று அம்மாவுக்கும் மகளுக்கும் தம்பி மனைவிக்கும். கணினிக்கு என் மகள் என் மகளே இல்லை.

இன்று ஹட்டன் டவுனுக்குப் போய் டிக்கட் போட்டுத் தந்தவரைப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை, விளக்கிச் சொன்னார். மலிவு டிக்கட் ஒரு விலையில் நாலே நாலுதான் மிச்சம் இருந்திருக்கிறது. ஏழு பேரை ஒன்றாகப் போட்டால் ஏழும் அடுத்த விலைக்கு ஏறிவிடும். நாலைத் தனியாகவும் மூன்றைத் தனியாகவும் போட்டால் நாலு பேருக்காவது பழைய விலை. எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார். பாஸ்போட்டுகளை நான் ரப்பர் பட்டி போட்டுக் கட்டிக் கொடுத்த வரிசையில் மேலே இருந்த நாலு முதலில், மிச்சம் மூன்று பிறகு. மகளுடைய பாஸ்போட் கீழே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே நிறுவனம் வேண்டுமென்றே ஒரு பிள்ளையைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்தது என்று நான் பேசியது தவறு. ஆனால் ஒன்று: இரண்டாவது முன்பதிவில் இருந்த மூன்று பேரையும்கூட 5, 17, 26 என்றுதான் போட்டிருந்தார்கள். ஏழு வயது என்று டிக்கட்டில் பிறந்த தேதியோடு இருக்கிறது. அதே எண்ணில் பாட்டியும் சித்தியும் இருக்கிறார்கள். அதற்கு அவர் பொறுப்பில்லை, நானும் இல்லை.

பண்டாரவளை அண்ணா, உங்கள் ஒன்பது பேருக்கும் ஒரே எண்ணா என்று இன்றைக்கே பாருங்கள்.

மார்ச் 9, காலை

நுவரெலியாவில் இருந்து ஒரு அக்கா எழுதியதற்குப் பதில். அவர் மூட்டுவலிக்காக ஓர இருக்கையைக் காசு கட்டி எடுத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு குடும்பம் வந்து மாறச் சொல்லியிருக்கிறது. முடியாது என்றதும் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அவரை ஒரு மாதிரி பார்த்தார்களாம். "காசையும் கட்டிவிட்டுக் கல்நெஞ்சக்காரி என்று பெயரும் வாங்கவேண்டுமா?" என்று கேட்கிறார்.

நான் யோசிக்காத பக்கம் இது. புறக்கோட்டைக்காரர் எழுந்து போனதை நல்ல மனசு என்று மட்டும்தான் நினைத்தேன். நல்ல மனசுதான். ஆனால் அவர் அந்த ஓரத்துக்குக் காசு கட்டியிருந்தால் அதை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? நானும் கொடுக்கவில்லை, நிறுவனமும் கொடுக்கவில்லை. நிறுவனம் செய்யவேண்டிய ஒழுங்கை, விமானத்துக்குள் நாம் ஒருவருக்கொருவர் கெஞ்சியும் கூசியும் செய்து முடிக்கிறோம். அக்கா, நீங்கள் மாறாதது தவறே இல்லை. கேட்கிறவர் கேட்கலாம், முடியாது என்றால் அதோடு விடவேண்டும்.

மார்ச் 9, மாலை

சின்னக் குறிப்பு. கைக்குழந்தையோடு தம்பி மனைவியை 5ஆம் வரிசைக்குத் தள்ளியதில் தம்பிக்கு இன்னும் கோபம். அதற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று அவனிடம் சொன்னேன். இந்த விமானங்களில் மூன்று இருக்கைக்கு மேலே வழக்கமாக நாலு ஒக்சிஜன் முகமூடிதான் இருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்த நாலாவது. ஆகவே ஒரு பக்க வரிசையில் ஒரு மடிக்குழந்தைக்கு மேல் உட்காரவைக்க முடியாது. அவசர வழி வரிசையில் பிள்ளைகளை உட்காரவிடவே மாட்டார்கள். இப்படி உண்மையான பாதுகாப்புக் காரணங்கள் உண்டு, அவற்றுக்கு நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். "சரி, அப்ப என்னை ஏன் 28இல போட்டாங்க?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 15

சட்டம் என்ன சொல்கிறது என்று மூன்று நாலு பேர் கேட்டதால் உட்கார்ந்து தேடினேன்.

இந்தியாவில் 2024 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே முன்பதிவில் வரும் தாய், தகப்பன் அல்லது பாதுகாவலரில் ஒருவருக்குப் பக்கத்திலாவது இடம் கொடுக்கவேண்டும், கொடுத்ததைப் பதிவும் செய்துவைக்கவேண்டும். "அதே முன்பதிவு" என்பதைப் பாருங்கள். எங்கள் டிக்கட் மாதிரி இரண்டாகப் பிரித்துப் போட்டால் இந்த உத்தரவே கைகொடுக்காது.

கனடாவில் 2019 டிசம்பரில் இருந்து இன்னும் விவரமான விதி. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பனுக்கு ஒட்டிய இருக்கை. ஐந்திலிருந்து பதினொன்று வரை அதே வரிசை, இடையில் ஓர் இருக்கைக்கு மேல் இருக்கக்கூடாது. பன்னிரண்டு பதின்மூன்று என்றால் ஒரு வரிசை தள்ளி இருக்கலாம். எல்லாம் காசில்லாமல். அமெரிக்காவில் 2016இலேயே காங்கிரஸ் இதைப் பற்றிச் சட்டத்தில் எழுதியது. எழுதியதோடு கிடந்தது. 2024இல் மறுபடியும் சட்டம் இயற்றி, ஓகஸ்டில் விதியின் வரைவை வெளியிட்டார்கள். பிரித்தானிய வழிகாட்டலில் காரணத்தையே சொல்லிவிடுகிறார்கள்: ஆபத்தில் எல்லாரும் வெளியேறும்போது பெரியவர்கள் தங்கள் பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் ஓடுவார்கள், எல்லாருக்கும் தாமதமாகும். ஒரு விமானத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன் பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 வினாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டவேண்டும். அந்த 90 வினாடியில் நான் 11இல் இருந்து 17க்குப் போவேனா மாட்டேனா? போவேன். எந்தத் தகப்பனும் போவான்.

இதையெல்லாம் படித்து முடித்துவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று என்று பிள்ளைகளின் வயதை இவ்வளவு நுணுக்கமாக எண்ணியிருக்கிறார்கள். எழுபத்தொரு வயதை யாரும் எண்ணவில்லை. முதல் தடவை விமானம் ஏறுகிறவர், தமிழ் தவிர வேறு மொழியில் ஒரு வாக்கியம் கேட்கத் தெரியாதவர், முகமூடி கீழே விழுந்தால் என்னவென்றே தெரியாதவர். என் மகள் 17இல் தனியாக இருந்தால்கூடப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டிருப்பாள். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மார்ச் 16

யாருமே எண்ணவில்லை என்று நேற்று எழுதியது சரியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் வருட விதி ஒன்று இருக்கிறது. உடற்குறை உள்ளவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள் என்பதற்கு அங்கே சொல்லப்படும் விளக்கத்திலேயே "வயது காரணமாக" என்பதும் வருகிறது. அப்படிப்பட்டவருக்குத் துணையாக வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைக்க நிறுவனம் முடிந்த முயற்சி எல்லாம் எடுக்கவேண்டும். இத்தாலி 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைகளுக்கும் இப்படிப்பட்டவர்களுக்கும் துணை வருபவரின் பக்கத்தில் கூடுதல் காசில்லாமல் இடம் கொடுக்கச் சொன்னது.

இதை வைத்து நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிக்கட் போடும்போதே பெரியவருக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டு, துணைக்கு ஆள் வருகிறார் என்பதையும் சொல்லிவைக்கலாம். பக்கத்தில் இடம் கேட்கும்போது கையில் ஒரு காரணம் இருக்கும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மலை ஏறி எறங்கின காலு. என்னைய வண்டியில ஒக்கார வெச்சி தள்ளப் போறியா?" என்று கோபித்துக்கொண்டார். முழங்கால் வீங்கி ராத்திரியில் தைலம் போடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பொய் சொல்லி வாங்கும் உதவி இல்லை அது. ஆனால் அவர் விருப்பத்தை மீறி அவரை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் மகனுக்குப் பக்கத்தில் இடம் வாங்கவேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது.

மார்ச் 17

காசுக் கணக்குக் கேட்டவருக்கு: எங்களுக்கு ஓர் இருக்கைக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் சொன்னார்கள். ஏழு பேருக்குப் போக வர 28,000. அதனால்தான் வேண்டாம் என்றேன். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ஆனது. அம்மா எதையும் 'பேர்' கணக்கில்தான் பார்ப்பார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப் பேர். ஓர் இருக்கைக்கு ஒன்றரைப் பேர். "ஒக்காருறதுக்கா?" என்று கேட்டார்.

மார்ச் 23

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையில் இருந்து ஒருவர், "கோச்சியில் நாம் எப்படிப் போகிறோம், அதே மாதிரி யாருக்கும் நம்பர் கொடுக்காமல் விட்டால் என்ன?" என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு விமான நிறுவனம் உண்மையிலேயே நடத்தியிருக்கிறது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், ஐம்பது வருடத்துக்கு மேலாக இருக்கை எண்ணே இல்லாமல் ஓட்டியது. முதலில் ஏறுகிறவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளோடு வருகிறவர்களை முதல் கூட்டம் ஏறியதும் ஏற்றிவிடுவார்கள்.  அவர்களும் இனி எண்தான் என்று 2024இல் அறிவித்துவிட்டார்கள்.

நம் கோச்சியில் மூன்றாம் வகுப்பில் கைலேஞ்சியை ஜன்னல் வழியாகப் போட்டு இடம்பிடிப்பதை எல்லாரும் செய்திருக்கிறோம். சண்டையும் வரும். ஆனாலும் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்து, பிள்ளைகளை மடியில் வாங்கிக்கொண்டு போவோமே தவிர, ஒரு கிழவியைக் குடும்பத்தை விட்டுப் பிரித்து வைத்துப் போனதாக எனக்கு நினைவில்லை. சின்ன வயதில் கொட்டகலைக்குப் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்ததும் ஒரே இருட்டு. பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். நானும் போடுவேன். ஆனால் கை அம்மாவின் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த அம்மாவைத்தான் நான் 26இல் விட்டுவிட்டு 11இல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 24

பண்டாரவளை அண்ணா போய் வந்துவிட்டார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்பது பேரும் ஒரே முன்பதிவு. நாலு இருக்கைக்கு மட்டும் காசு கட்டியிருக்கிறார்: பிள்ளையும் தாயும், மாமியாரும் இவரும். மற்ற ஐந்து பேரும் வாலிபப் பிள்ளைகள். அவர்கள் சிதறித்தான் போனார்கள், அதில் ஒருவருக்கும் கவலையில்லையாம். திரும்பி வரும்போது யாருக்கும் கட்டவில்லை. ஆனால் செக்-இன் திறந்த அதே மணித்தியாலத்தில் போனில் செய்திருக்கிறார். ஒன்பதில் ஆறு பேருக்குப் பக்கம் பக்கமாகவே கிடைத்திருக்கிறது.

இதைப் பார்த்தபின் என் முதல் அறிவுரையில் ஒன்றைச் சேர்க்கிறேன். செக்-இன்னை ஏஜென்சி செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் விட்டேன், அவர் செய்யவில்லை, கவுண்டரில் போய் மிச்சத்தை வாங்கினோம். திறந்த உடனே நீங்களே செய்யுங்கள். காசு கட்டினால் பிள்ளைக்கும் வயதானவருக்கும் மட்டும் கட்டுங்கள். வாலிபர்கள் ஒன்றேகால் மணித்தியாலம் தனியாக உட்காரட்டும். அண்ணா முதலில் கேட்டது அவர்களைப் பொறுத்தவரை சரிதான்.

ஓகஸ்ட் 19

பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து, அம்மாவும் நானும் மட்டும் போனோம். ஒரே முன்பதிவு. இரண்டு இருக்கைக்கும் காசு கட்டினேன், 14ஆம் வரிசையில் ஜன்னலும் நடுவும். அம்மாவிடம் தொகையைச் சொல்லவில்லை.

உட்கார்ந்து அம்மாவுக்கு பெல்ட் மாட்டிவிட்டுத் திரும்பினால், ஓர இருக்கையில் ஒரு சின்னப் பெண் வந்து உட்காருகிறாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். தனியாக. தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். அவளுடைய தாய் 20இல் நடு இருக்கையில். வத்தளைக்காரர்கள், தமிழ் ஆட்கள். அந்தத் தாய் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

காசு கட்டியவர் மாறத் தேவையில்லை என்று மார்ச்சில் நான்தான் எழுதினேன். இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் அம்மா என் கையைத் தட்டி, "எந்திரி தம்பி, புள்ள அழப்போவுது" என்றார். "நீங்க தனியா இருந்துருவீங்களா?" என்று கேட்டேன். "தாயும் புள்ளையும் பக்கத்துல இருக்கப் போவுது, என்ன தனி?"

நான் 20க்குப் போனேன். அங்கிருந்து அம்மாவின் கொண்டை மட்டும் தெரிந்தது. நடுவில் அந்தப் பெண், ஓரத்தில் தாய். பாதி வழியில் பணிப்பெண் 14க்குப் போய்க் குனிந்து பேசிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

இறங்கும்போது அம்மா சொன்னார்: தண்ணீருக்குக் காசு வாங்கவில்லையாம். அந்தப் பிள்ளை போனில் படம் காட்டி, கீழே தெரிவது எந்தக் கடல் என்று சொன்னதாம். "ஒங்க பெரியம்மா கப்பல்ல போன கடலு இதானான்னு கேட்டேன். அதுக்குத் தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

தலைமன்னார்க் கடல் இன்னும் மேற்கே தள்ளி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பக்கம்தான் அம்மா என்றேன்.

அன்று இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் அம்மா தூங்கியபிறகு, போனிலேயே நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். வத்தளைப் பெண்ணின் வயதையும், வரிசை எண்களையும், ஒரே முன்பதிவில்தான் வந்தார்கள் என்று அந்தத் தாய் சொன்னதையும் எழுதினேன்.

செப்டம்பர் 2

பதில் வந்தது. இருக்கைத் தேர்வு விருப்பத்தின் பேரில் வாங்கும் சேவை, இடம் இருந்தால் சேர்த்து உட்காரவைக்க முயற்சி செய்கிறோம், நன்றி. நாலு வரி.

மறுபடியும் எழுதியிருக்கிறேன். இந்த முறை அம்மாவின் வயதையும், டிசம்பரில் 26ஆம் வரிசையில் நடந்ததையும் சேர்த்து. ஒரு பிரதியைக் கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கும் தபாலில் போட்டேன். இப்படிப் பிரிந்து போனவர்கள் தேதியும் வரிசை எண்ணும் பெரியவரின் வயதும் எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த கடிதத்தோடு சேர்த்து வைக்கிறேன்.